கொடுத்த எழுத்துகளிலிருந்து ஆங்கிலச் சொல் தேடுவது: அகராதியா, கொப்பியா, கைபேசியா?

மஸ்கெலியாப் பகுதியிலுள்ள தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பிராவில், மாலைக் கொழுந்து நிறுவை முடிந்து தாய்மார் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு லயங்களுக்குத் திரும்பிய பின்னர், வாரத்தில் மூன்று நாட்கள் தரம் 8 முதல் 11 வரையிலான பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். அவ்வகுப்பில் பிள்ளைகள் தாங்களாகவே கேட்டு வாங்கிச் செய்யும் பயிற்சி ஒன்றுதான்: கரும்பலகையில் ஆறேழு ஆங்கில எழுத்துகளை எழுதிவிட்டு, இவற்றைக் கொண்ட சொற்கள் எவை என்று கேட்பது. சென்ற தவணை முடிவில் ஒரு தாய் என்னிடம் வந்து, "டீச்சர், இதுக்குப் பெரிய டிக்சனரி ஒன்னு வாங்கிக் குடுக்கணுங்களா, இல்ல போன்ல எப்பு ஏதாச்சும் போட்டுக் குடுத்தா போதுங்களா?" என்று கேட்டார். நாட்சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவர் கேட்கும் அக்கேள்விக்கு, எதுவானாலும் பரவாயில்லை என்று பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இதற்குள்ள வழிகளை ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பார்த்து, எது எதற்கு உதவுகிறது, எது நம் மலைப்பகுதி நிலைமைக்கு ஒத்துவருகிறது என்று கண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

எழுத்துகளைப் பற்றிய கட்டுரை என்பதால் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. ஆங்கில எழுத்துகளின் பெயர்களை நம் நாட்டுப் பத்திரிகை வழக்கப்படியே எழுதுகிறேன். 'டீச்சர்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை ரீ என்றும், 'டான்ஸ்' என்ற சொல்லின் முதலெழுத்தை டீ என்றும், 'பேப்பர்' என்ற சொல்லின் முதலெழுத்தைப் பீ என்றும் வாசகர் கொள்ள வேண்டும்.

கருவிகளை ஒப்பிடுவதற்கு முன் கேள்வியைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 'இந்த எழுத்துகளைக் கொண்ட சொல்' என்று சொல்லும்போது ஒரே கேள்வியைக் கேட்பதாகத் தோன்றினாலும், அதற்குள் குறைந்தது ஐந்து வெவ்வேறு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. கொடுத்த எழுத்துகள் அனைத்தையும், ஒன்றும் மிஞ்சாமல், ஒரே தடவை பயன்படுத்தி வேறு சொல் அமைப்பது முதலாவது; தோட்டம் நடத்துபவரைக் குறிக்கும் 'பிளான்டர்' என்ற சொல்லின் ஏழு எழுத்துகளையும் இடம் மாற்றினால் மறுநடுகையைக் குறிக்கும் 'ரீபிளான்ட்' வருவது இவ்வகை. அதே எழுத்துகளில் சிலவற்றை மாத்திரம் எடுத்து 'பேரன்ட்', 'பிளனட்', 'லேர்ன்', 'பிளேட்' போன்ற சிறிய சொற்களை அமைப்பது இரண்டாவது; எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிரபிள் விளையாட்டை ஆடுபவரின் கையிலுள்ள ஏழு கட்டைகள் எழுப்பும் கேள்வி பெரும்பாலும் இதுதான். கொடுத்த எழுத்துகள் கட்டாயம் இருக்க வேண்டும், வேறு எழுத்துகளும் சேரலாம் என்பது மூன்றாவது. ஜே, யூ, ஈ மூன்றும் உள்ள சொல் என்றால் 'ஜங்கிள்', 'ஜூஸ்', 'ஜட்ஜ்', காயப்படுத்துவதைக் குறிக்கும் 'இஞ்சர்' எல்லாம் பொருந்தும். எழுத்துகள் அதே வரிசையில் அடுத்தடுத்து வர வேண்டும் என்பது நான்காவது. ஓ, யூ, ஜீ, எச் என்ற நான்கும் தொடர்ந்து வரும் சொற்களைத் தேடுவதை உதாரணமாகக் கொள்ளலாம். குறுக்கெழுத்துப் போட்டியில் வருவதுபோல, ஐந்தெழுத்துச் சொல், மூன்றாவது எழுத்து ஏ, ஐந்தாவது எழுத்து என் என்று இடத்தைக் குறித்துக் கேட்பது ஐந்தாவது. அதற்கு 'லேர்ன்', 'டிரெயின்', 'கிரெயின்', 'அகெயின்' ஆகியவை விடையாகும்.

பிள்ளைகள் தடுமாறுவதும், பெரியவர்கள் பொருந்தாத கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு அது உதவவில்லை என்று சலித்துக்கொள்வதும், இரண்டாவது கேள்வியையும் மூன்றாவது கேள்வியையும் ஒன்றாகக் கருதிவிடுவதால்தான் பெரும்பாலும் நேர்கின்றன. இரண்டாவதில் நாம் கொடுத்த எழுத்துகளே எல்லை. சொல் அதற்குள் அடங்க வேண்டும். மூன்றாவதில் சொல் பெரியது. நாம் கொடுத்த எழுத்துகள் அதற்குள் அடங்க வேண்டும்.

கணக்கையும் சற்றுப் பார்க்கலாம். ஒன்றுக்கொன்று வேறுபட்ட ஏழு எழுத்துகளை 5,040 விதமாக வரிசைப்படுத்தலாம். 'டீச்சர்' என்ற சொல்லில்போல ஓரெழுத்து இருமுறை வந்தால் அது 2,520 ஆகக் குறையும். அந்த 2,520 வரிசைகளில் 'டீச்சர்', நில அளவான 'ஹெக்டயர்', ஏமாற்றுபவரைக் குறிக்கும் 'சீட்டர்' ஆகிய மூன்றும் நாம் அறிந்த சொற்கள். எழுத்துகளில் சிலவற்றை மாத்திரம் எடுப்பதென்றால், ஏழு வேறு எழுத்துகளிலிருந்து 127 விதமான தொகுதிகளை எடுக்கலாம். மூன்றெழுத்துக்குக் குறைந்தவற்றை விட்டால் 99 தொகுதிகள். ஒவ்வொன்றையும் எழுதிப் பார்ப்பது மனிதரால் ஆகாத வேலை என்பதால், எந்த வழியும் இந்த எண்ணிக்கையை எப்படிக் குறைக்கிறது என்பதைக் கொண்டே அதன் பயன் அமைகிறது.

அச்சு அகராதியை முதலில் எடுத்துக்கொள்வோம். அது சொற்களை முதலெழுத்திலிருந்து வரிசைப்படுத்தியிருக்கிறது. சொல்லின் நடுவில் என்ன எழுத்து இருக்கிறது என்பதைப் பற்றி அந்த வரிசை ஒன்றும் சொல்வதில்லை. ஏழு எழுத்துகளை வைத்துச் சொல் தேடுவதென்றால், முதலெழுத்துக்கு ஏழு வாய்ப்பு, இரண்டாம் எழுத்துக்கு ஆறு வாய்ப்பு என 42 இடங்களில் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு மாலைப்பொழுது முழுவதும் நான் அப்படிச் செய்து பார்த்தேன். செய்ய முடியும், ஆனால் விளக்கொளி மங்கலான ஒரு காம்பிராவில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அதை எதிர்பார்ப்பது கொடுமை. மூன்றாவது, நான்காவது கேள்விகளுக்கோ அகராதியை முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லை. சொல்லின் இறுதி எழுத்துகளைக் கொண்டு தேட விரும்புபவர்களுக்காக, சொற்களைக் கடைசியெழுத்திலிருந்து பின்னோக்கி அடுக்கிய அகராதி ஒன்றை ஜோன் வாக்கர் என்பவர் 1775இலேயே இங்கிலாந்தில் வெளியிட்டார் என்பதிலிருந்து, இந்தக் குறைபாடு எவ்வளவு காலத்துக்கு முன்பே உணரப்பட்டது என்பது தெரிகிறது. இருந்தும் அகராதியை விட்டுவிடும்படி நான் சொல்லமாட்டேன். கண்டுபிடித்த சொல் உண்மையில் இருக்கிறதா, அதன் பொருள் என்ன, வசனத்தில் எப்படி வரும் என்பவற்றை அகராதிபோல் வேறெதுவும் நிதானமாகச் சொல்லித் தருவதில்லை. அதற்கு ரீலோட்டும் வேண்டியதில்லை, சிக்னலும் வேண்டியதில்லை. சரிபார்க்க அகராதி மிக நல்லது. தேடுவதற்கு அது ஏற்றதன்று.

அடுத்தது எழுத்து அட்டைகள். பிஸ்கட் பெட்டி அட்டையைச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓரெழுத்தை எழுதிக்கொண்டால் போதும், செலவே இல்லை. ஸ்கிரபிள் பெட்டியில் 100 கட்டைகள் இருக்கின்றன, அவற்றில் ஈ என்ற எழுத்துக்கு 12, ஏ, ஐ இரண்டுக்கும் ஒன்பது ஒன்பது, கியூ, இசட் போன்றவற்றுக்கு ஒவ்வொன்று என்ற அளவைப் பின்பற்றி வெட்டினால், ஆங்கிலத்தில் எந்த எழுத்து எவ்வளவு புழங்குகிறது என்ற உணர்வும் பிள்ளைகளுக்குத் தானாகவே வந்துவிடும். அட்டைகளை நேர்கோட்டில் வைக்காமல் வட்டமாக வைக்க வேண்டும் என்பதை நான் வலியுறுத்துகிறேன். நேர்கோட்டில் வைத்தால் கண் அதை ஒரு சொல்லாகவே வாசிக்கப் பார்க்கும். வட்டத்தில் தொடக்கமும் முடிவும் இல்லாததால் எழுத்துகள் ஒன்றிலிருந்து ஒன்று விடுபட்டுத் தெரியும்.

அதன் பிறகு, ஆங்கிலச் சொற்களில் அடிக்கடி ஒட்டிக்கொண்டு வரும் முன்னொட்டு, பின்னொட்டுகளைத் தனியே ஒதுக்கிப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்த வேண்டும். ஏ, ஈ, ஜீ, ஐ, என், ஆர், ரீ என்ற ஏழு எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ, என், ஜீ மூன்றையும் வினையின் இறுதியாக ஒதுக்கிவிட்டால் ஏ, ஈ, ஆர், ரீ என்ற நான்குதான் மிஞ்சும். அவற்றில் கிழிப்பதைக் குறிக்கும் 'டெயார்' தெரிந்தவுடன் 'டெயாரிங்' என்ற ஏழெழுத்துச் சொல் கிடைத்துவிடுகிறது. 5,040 வரிசைகள் 24 ஆகச் சுருங்கிவிட்டன. ஆயினும் இவ்வழிக்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு: அதே ஏழு எழுத்துகளில் கருங்கல் வகையைக் குறிக்கும் 'கிரனைட்' இருக்கிறது, பின்னொட்டை மாத்திரம் தேடியவருக்கு அது அகப்படாது.

நம் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு தடையும் இருக்கிறது. தமிழ்க் குறுக்கெழுத்தில் ஒரு கட்டத்துக்குள் ஓர் உயிர்மெய் முழுதாக நிற்கும். எழுதுவதும் ஒலிப்பதும் ஏறக்குறைய ஒன்றே. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்கு வரும் பிள்ளை, எழுத்தைத் தேடாமல் ஒலியைத் தேடுகிறது. 'லிசன்' என்ற சொல்லில் ரீ என்ற எழுத்து ஒலிக்காமல் நிற்பதால், அதே எழுத்துகள் 'சைலன்ட்' என்ற சொல்லாக மாறும் என்பது அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. அட்டையைக் கையில் எடுத்து நகர்த்தும்போது அந்த ஒலிக்காத எழுத்தும் விரலில் படுகிறது.

சென்ற வருடம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தரம் 9 மாணவி ஒருத்தி 'பிளான்டர்' என்ற சொல்லின் ஏழு அட்டைகளையும் சீமெந்துத் தரையில் வட்டமாக வைத்துக்கொண்டு நெடுநேரம் குனிந்திருந்தாள். வெளியே மழை; கூரைத் தகரத்தின் சத்தத்தில் நான் பேசுவது யாருக்கும் கேட்காததால் அவரவர் வேலையை அவரவர் செய்துகொண்டிருந்தார்கள். அவள் ஆர், ஈ இரண்டையும் இடப்பக்கம் தள்ளி வைத்தாள். மிஞ்சிய ஐந்தையும் பீ, எல், ஏ, என், ரீ என்று அடுக்கினாள். பிறகு நிமிர்ந்து, "டீச்சர், எங்கம்மா இப்ப போற மலை" என்றாள். பழைய தேயிலை பிடுங்கப்பட்டு, மண் தேறுவதற்காகக் கௌதமாலாப் புல் வளர்க்கப்பட்டிருந்த ஒரு மலையில் அப்போது புதுக் கன்று நடும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதை எல்லோரும் 'ரீபிளான்டிங் மலை' என்றுதான் சொல்வார்கள். தினமும் காதில் விழுந்த அச்சொல்லின் எழுத்துகளை அவள் அன்றுதான் முதன்முறையாகக் கண்டாள். எந்தக் கருவியும் அதை அரை நொடியில் காட்டியிருக்கும். ஆனால் அவள் அதைத் தேடியபோது செலவான இருபது நிமிடங்களை நான் வீணாகக் கருதவில்லை.

அட்டைகளிலிருந்து இயல்பாகவே கொப்பி வழிக்கு வருகிறோம். நான் பயன்படுத்திய வழிகள் எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஒரு சொல்லின் எழுத்துகளை அகரவரிசைப்படி அடுக்கினால் ஒரு சாவி கிடைக்கிறது. 'லிசன்' என்ற சொல்லின் சாவி ஈ, ஐ, எல், என், எஸ், ரீ. 'சைலன்ட்' என்ற சொல்லை அடுக்கினாலும் அதே சாவிதான். படையிற் சேர்வதைக் குறிக்கும் 'என்லிஸ்ட்', மினுங்கும் இழையைக் குறிக்கும் 'டின்சல்' ஆகியவற்றுக்கும் அதுவே. ஒரே எழுத்துகளாலான சொற்கள் எத்தனை இருந்தாலும் அவை ஒரே சாவியின் கீழ் வந்து சேரும் என்பதால், 5,040 வரிசைகளை ஆராயும் வேலை ஒரே ஒரு சாவியைத் தேடும் வேலையாகிவிடுகிறது. கணினியில் இயங்கும் சொல் தேடும் தளங்களும் பெரும்பாலும் உள்ளே இதைத்தான் செய்கின்றன.

ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து, அரசாங்கம் இலவசமாகத் தரும் ஆங்கிலப் பாடநூலில் புதிதாக வரும் ஒவ்வொரு சொல்லையும் அதன் சாவியோடு எழுதி வரும்படி பிள்ளைகளுக்குச் சொன்னேன். இதில் அனுபவத்தால் அறிந்த ஒரு விவரம் உண்டு. எழுத்துகளை அகரவரிசையில் அடுக்குவதால், ஏ என்ற எழுத்து உள்ள சொல் எதுவானாலும் அதன் சாவி ஏ என்றே தொடங்கும். ஆகவே கொப்பியை 26 சம பங்காகப் பிரித்தால் ஏ பகுதி ஒரு மாதத்துக்குள் நிரம்பி வழிந்துவிடும், பின்பகுதிகள் வெறுமையாகவே கிடக்கும். கொப்பியின் பாதியை ஏ பகுதிக்கு ஒதுக்கி, அதை இரண்டாம் எழுத்தைக் கொண்டு மறுபடி பிரிப்பதே சரி. எஞ்சியதில் பெரும்பங்கை ஈ பகுதிக்குக் கொடுக்க வேண்டும்.

இவ்வாறு எழுதி வரும்போது தோட்டத்தைக் குறிக்கும் 'கார்டன்' என்ற சொல்லும் ஆபத்தைக் குறிக்கும் 'டேஞ்சர்' என்ற சொல்லும் ஒரே சாவியில் அடுத்தடுத்து வந்து நின்றதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டார்கள். இலையைக் குறிக்கும் 'லீஃப்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தெள்ளுப்பூச்சியைக் குறிக்கும் 'ஃப்லீ' வந்தது. கல்வியைக் குறிக்கும் 'எடியுகேஷன்' என்ற ஒன்பதெழுத்துச் சொல்லில் ஐந்து உயிரெழுத்துகளும் ஒவ்வொரு முறை வருகின்றன. அதன் சாவியின் கீழ், எச்சரித்ததைக் குறிக்கும் 'கோஷன்ட்' என்ற சொல்லை நானும், ஏலம் விட்டதைக் குறிக்கும் 'ஓக்ஷன்ட்' என்ற சொல்லைத் தரம் 11 மாணவன் ஒருவனும் எழுதினோம். இன்னொரு பயனை நான் எதிர்பார்க்கவே இல்லை. 'லிசன்' என்ற சொல்லை ரீ இல்லாமல் எழுதிய பிள்ளையின் சாவி வேறொருவரின் சாவியோடு ஒத்துப்போகாததால், நான் சிவப்பு மையைத் தொடுவதற்கு முன்பே பிழை தெரிந்துவிட்டது. எழுத்துக்கூட்டலைத் திருத்த நான் அறிந்த வழிகளில் இதைவிட மென்மையான ஒன்று இல்லை.

கொப்பியின் எல்லையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதில் நாம் எழுதிய சொற்கள் மாத்திரமே இருக்கும். முதலாவது கேள்விக்கு அது உடனே விடை தரும். இரண்டாவது கேள்விக்கு 99 சாவிகளையும் தேடிப் பார்க்க வேண்டியிருப்பதால் அது களைப்பூட்டும். மற்ற மூன்றுக்கும் அது உதவாது.

இணையத்திலுள்ள சொல் தேடும் தளங்கள், முதலாவது, இரண்டாவது, ஐந்தாவது கேள்விகளுக்கு நொடிப்பொழுதில் விடை தருகின்றன. வன்லுக் போன்ற தளத்தில், தெரியாத ஓரெழுத்துக்குக் கேள்விக்குறியும், எத்தனை எழுத்தானாலும் சரி என்பதற்கு நட்சத்திரக் குறியும் இட்டுத் தேடலாம். நான்காவது கேள்விக்கும் அதனால் வழி பிறக்கிறது. ஓ, யூ, ஜீ, எச் நான்குக்கும் முன்னும் பின்னும் நட்சத்திரத்தை இட்டால் 'த்ரூ', 'தோ', 'டஃப்', 'கொஃப்', 'பவ்' என ஐந்து விதமாக ஒலிக்கும் சொற்கள் ஒரே திரையில் வந்து நிற்கும். உச்சரிப்புப் பாடம் நடத்த இதைவிடச் சிறந்த பட்டியலை நானாக எழுதியிருக்க முடியாது.

ஆனால் அந்தத் திரை வந்து நிற்க வேண்டுமே. நம் தோட்டங்களில் பல இடங்களில் சிக்னல் ஒரு மேட்டில் இருக்கும், அடுத்த பள்ளத்தில் இருக்காது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடியிருந்தபோது பிள்ளைகள் பாறைமேல் ஏறி நின்று பாடம் கேட்டதை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. வீட்டுக்கு ஒரு கைபேசி என்றால், அது தந்தையோ அண்ணனோ வேலையால் வரும்போதுதான் வரும். விளம்பரங்கள் நிறைந்த தளங்கள் தேடிய சொல்லைவிட அதிகமாக டேட்டாவைத் தின்கின்றன. மேலும், இத்தளங்கள் சொற்களைக் கொட்டுகின்றனவே தவிரத் தரம் பிரித்துத் தருவதில்லை. ஏ, ஈ, ரீ என்ற மூன்று எழுத்துகளைக் கொடுத்தால் உண்பதைக் குறிக்கும் சொல், உண்டதைக் குறிக்கும் சொல், தேநீரைக் குறிக்கும் சொல் ஆகிய மூன்றோடு, 'டே' என்று ஒலிக்கும் ஸ்கொட்லாந்து வழக்குச் சொல்லொன்றும் கிரேக்க எழுத்தொன்றின் பெயரும் சேர்ந்தே வரும். என் மாணவன் ஒருவன் அந்த ஸ்கொட்லாந்துச் சொல்லைத் தவணைப் பரீட்சையில் எழுதிவிட்டு, தளத்தில் இருந்ததே என்று கண்கலங்கினான். தளம் பொய் சொல்லவில்லை. அது யாருக்கான பட்டியல் என்பதை அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

ஆகவே எந்தக் கருவியைத் தேர்ந்தாலும் அதன் பின்னாலுள்ள சொற்பட்டியல் எது என்று கேட்க வேண்டும். வட அமெரிக்காவுக்கு வெளியே ஸ்கிரபிள் போட்டிகளில் பெரும்பாலும் பயன்படும் கொலின்ஸ் பட்டியலின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் 2,79,496 சொற்கள் இருக்கின்றன. ஆங்கிலம் கற்பவர்கள் முதலில் அறிய வேண்டியவை என்று தொகுக்கப்பட்ட ஒக்ஸ்போர்ட் 3000 என்ற பட்டியலின் அளவு அதன் பெயரிலேயே இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைக்கு இரண்டாவதுதான் வேண்டும். பலகையில் புள்ளி சேர்க்க வேண்டியவருக்கு முதலாவது வேண்டும். ஒன்றுக்குரியதை மற்றதற்குக் கொடுத்தால் இருவருக்குமே நட்டம்.

இணைய இணைப்பை நம்பாத வழியொன்றும் இருக்கிறது. ஆசிரியர்கள் அதைக் கவனிக்க வேண்டும் என்பது என் விருப்பம். சொற்பட்டியல் என்பது வரிக்கு ஒரு சொல்லாக எழுதிய சாதாரண எழுத்துக்கோப்புத்தான். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று விடப்பட்டுள்ள 'இனேபிள்' என்ற பட்டியலில் 1,70,000க்கும் அதிகமான சொற்கள் இருந்தும், அதன் அளவு ஏறத்தாழ இரண்டு மெகாபைட்தான். ஒரு புகைப்படத்தைவிடச் சிறியது. ஹட்டன் நகருக்குப் போகும் நாளில் ஒருமுறை இறக்கிக்கொண்டால், பிறகு புளூடூத் வழியாக ஒரு கைபேசியிலிருந்து மற்றொன்றுக்குக் கொடுத்துக்கொள்ளலாம். கோப்புக்குள் தேடுவதற்குக் 'கிரெப்' என்ற பழைய கட்டளை போதும். 1973இல் யூனிக்ஸ் இயங்குதளத்தோடு வந்த அக்கட்டளை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பழைய மடிக்கணினியிலும் இயங்கும், அன்ட்ரொயிட் கைபேசியில் டேர்மக்ஸ் என்ற செயலியை இட்டாலும் இயங்கும்.

மற்ற வழிகள் தடுமாறும் மூன்றாவது கேள்விக்கு இதுவே மிகச் சிறந்த விடை. ஜே உள்ள சொற்களை வடித்தெடு, அவற்றில் யூ உள்ளவற்றை வடித்தெடு, அவற்றில் ஈ உள்ளவற்றை வடித்தெடு என்று மூன்று சல்லடைகளை அடுத்தடுத்து வைப்பதுதான் முழு வேலையும். மிக அரிதான எழுத்தை முதற் சல்லடையாக வைத்தால், அடுத்த சல்லடைகளுக்கு வேலை குறைவு என்பதைப் பிள்ளைகள் தாங்களே சொல்லக் கேட்டேன். நான்காவது, ஐந்தாவது கேள்விகளுக்கும் இதுவே போதும்.

இரண்டாவது கேள்விக்கு இதைப் பயன்படுத்துபவர்கள் ஒரு கண்ணியில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏ, ஈ, ஜீ, ஐ, என், ஆர், ரீ என்ற ஏழு எழுத்துகளைத் தவிர வேறெதுவும் இல்லாத சொற்களைக் காட்டு என்று கேட்டால், 'கிரீட்டிங்' என்ற சொல்லும் வரும். அதில் ஈயும் ஜீயும் இருமுறை வருகின்றன. நம்மிடம் ஒவ்வொன்றுதான் இருக்கிறது. எந்த எழுத்து என்று பார்க்கும் சல்லடை, எத்தனை முறை என்று பார்ப்பதில்லை. அதனால் வந்த பட்டியலை அட்டைகளோடு ஒருமுறை ஒப்பிட்டே ஆக வேண்டும். இந்த ஒப்பீட்டை நான் வேண்டுமென்றே பிள்ளைகளிடம் விட்டுவிடுகிறேன். இயந்திரம் தந்த பட்டியலில் பிழை பிடிப்பதில் அவர்களுக்குள்ள ஆர்வம் வேறெதிலும் இல்லை.

எக்ஸல் போன்ற விரிதாள்களிலும் சாவிகளை அமைத்துத் தேடலாம். பாடசாலைக் கணினி அறை திறந்திருக்கும் இடத்தில் அது நல்ல பயிற்சி, ஆனால் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட வரிகளை விலை குறைந்த கைபேசியில் திறக்க முயல வேண்டாம். செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். அவை சொல்லை எழுத்தெழுத்தாகக் காண்பதில்லை. துண்டுகளாகப் பிரித்தே கையாள்கின்றன. 'ஸ்ட்ரோபெரி' என்ற சொல்லில் ஆர் எத்தனை என்ற கேள்விக்கு அவை இரண்டு என்று பதில் சொன்னது 2024இல் உலகெங்கும் பேசப்பட்டது. சரியான விடை மூன்று. அதன் பிறகு அவை எவ்வளவோ முன்னேறியிருந்தாலும், கொடுக்காத எழுத்தொன்றைச் சேர்த்து ஒரு சொல்லை உறுதியான குரலில் தந்துவிடும் அபாயம் இருக்கிறது. அதைச் சரிபார்க்க இன்னும் பழகாத பிள்ளைதான் நம் முன் இருக்கிறது. கண்டுபிடித்த சொல்லின் பொருளை விளக்கவும் அதை வைத்து வசனங்கள் அமைத்துக் காட்டவும் அவை நன்றாக உதவும்.

அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதில் இதுதான். பெரிய அகராதியும் வேண்டாம், செயலிக்காகப் பணமும் கட்ட வேண்டாம். கற்பவர்களுக்கான நடுத்தர அளவு அகராதி ஒன்று வகுப்பில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும், உங்கள் மகளுக்கு ஒரு சீ.ஆர். கொப்பியும் வீட்டிலிருக்கும் ஏதாவதொரு வெற்று அட்டைப்பெட்டியும் போதும். சொற்பட்டியல் கோப்பை நான் என் மடிக்கணினியில் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அட்டையிலும் கொப்பியிலும் தேடி முடித்த பின்னரே அதைத் திறக்கிறேன், முதலில் சிறிய பட்டியலில், பிறகு பெரியதில். நகரத்தில் வசித்து, தடையில்லாத இணைப்பும் போட்டிக்கு ஆட வேண்டிய தேவையும் உள்ளவருக்கு இந்த வரிசை பொருந்தாது. அவர் போட்டியின் பட்டியலை வைத்திருக்கும் செயலியிலேயே தொடங்கலாம். குறுக்கெழுத்து மாத்திரம் நிரப்ப விரும்புபவருக்கு இணையத்தளமே போதும். ஆனால் எழுத்துக்கூட்டலில் தடுமாறும் பிள்ளைக்கு, விடையை முன்கூட்டியே காட்டிவிடும் எந்தக் கருவியையும் முதலில் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். அதில் என் மனம் உறுதியாக இருக்கிறது.

அந்தத் தாயின் மகள்தான் மறுநடுகை மலையைக் கண்டவள். அவளுடைய கொப்பியில் ஏ, ஈ, எல், என், பீ, ஆர், ரீ என்ற சாவியின் கீழ் இரண்டு சொற்கள் எழுதப்பட்டு, மூன்றாவதற்கு ஒரு வரி வெறுமையாக விடப்பட்டிருந்தது. கோப்பில் தேடிப் பார்த்தோம். மூன்றாவது சொல் எதுவும் வரவில்லை. அவள் அந்த வெற்று வரியை அழிக்காமல், ரீயை மாத்திரம் கழற்றி வைத்துவிட்டு, மிஞ்சிய ஆறு அட்டைகளை மறுபடி வட்டமாக அடுக்கத் தொடங்கினாள்.